ரீத்தாவுக்கு யாரும் ஆள் அனுப்பவில்லை

என் சவேரியக்காவுக்கு,

மண்ணுக்குள் இருக்கிறவளுக்குக் கோபமாகக் கடிதம் எழுதலாமா என்று தெரியவில்லை. கோபம் உன் மேல் இல்லை. யாரிடம் பேசினாலும் "போன உசுரு போயிருச்சு, வுடு கோவிந்தம்மா" என்கிறார்கள். விட முடியவில்லை அக்கா. அதனால்தான் உன்னிடம் வந்திருக்கிறேன்.

முதலில் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் மாது தன் பெயரையும் ஊர்ப் பெயரையும் பலகையில் எழுதுகிறான். 'பாலக்கோடு' எழுதும்போது ஒரு துணைக்கால் மட்டும் விட்டுப்போகிறது. உன் ரீத்தா உதட்டுக்கு முன்னால் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு 'ப' சொல்லிப் பழகுகிறாள்; மூச்சில் காகிதம் நன்றாகவே ஆடுகிறது.

காது கேட்காத இதுகளுக்குப் படிப்பு வரும் என்று அன்று யார் நம்பினார்கள்? தருமபுரி ஆஸ்பத்திரியில் டாக்டர், "இவனுக்குக் காது கேக்காது, அடுத்த புள்ளயப் பாரும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வராந்தாவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். ரீத்தாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நீதான் பக்கத்தில் வந்தாய். நான் யார், எந்த ஊர், என்ன சாதி என்று எதுவும் கேட்கவில்லை.

"அழுதா அவனுக்குக் கேக்கவா போவுது? சேலத்துல இதுங்களுக்குன்னே ஒரு பள்ளிக்கூடம் இருக்குதாம். எங்க கோயில்ல சொன்னாங்க. வர்றியா?"

என் வீட்டில் சிரித்தார்கள். உன் வீட்டில் அந்தோணி மாமாவின் அண்ணன், உன் மூத்தார், ஊமைக்குப் பாடம் நடத்துவதற்கு ஆட்டுக்குப் பாடம் நடத்தலாம் என்றார். அதையெல்லாம் காதில் வாங்காமல்தானே இரண்டு பேரும் பஸ் ஏறினோம்?

பிள்ளைகளை விடுதியில் சேர்த்தபோது சிஸ்டர் கண்டிப்பாகச் சொன்னார். கையைக் காட்டிப் பேசக் கூடாது, கை பேசினால் வாய் பேசாது என்று. நீ விடவில்லை. "வாய் பேச வர்ற வரைக்கும் எம்புள்ள வவுறு வலிக்குதுன்னு எப்படிச் சொல்லும் சிஸ்டர்?" பெற்றவர்கள் போய்ப் பிள்ளைகளைப் பார்க்கிற பார்வை நாளில் வேப்பமரத்தடியில் நாம் நால்வரும் கையாலேயே பேசிக்கொண்டோம். கன்னத்தில் குழி விழும் இடத்தில் விரலை வைத்தால் ரீத்தா என்று பெயர். உனக்குத் தழும்பிருக்கும் புருவத்தைத் தொட்டால் நீ.

நீ காய்ச்சலில் கிடந்தது எனக்குத் தெரியாது. செய்தி வந்து ஓடி வந்தபோது உன்னைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். ரீத்தா எங்கே என்று கேட்டேன். உன் மூத்தார் என்னை ஏறிட்டும் பார்க்காமல் சொன்னார்.

"அந்தப் புள்ளைக்கு என்னா தெரியப் போவுது? லீவுக்கு வர்றப்ப பாத்துக்கலாம்."

நேரமில்லாமல் சொன்னாரா? அவருடைய மருமகனுக்கு பெங்களூருக்குத் தந்தி போயிருந்தது அக்கா. அவன் வந்து சேருவதற்காக மாலை மயங்கும்வரை காத்திருந்தார்கள். அவன் உன் கையால் ஒரு வேளை கூடச் சாப்பிட்டிருக்க மாட்டான். சேலத்தில் இருக்கிற உன் வயிற்றுப் பிள்ளைக்கு ஆள் அனுப்ப அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பெற்ற தகப்பன் அந்தோணி மாமா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

இதை விடக் கொடுமை ஒன்று இருக்கிறது. உன் ஓரகத்தி புலம்பிக்கொண்டிருந்தாள்: "கடைசில ஜன்னி கண்டு பேச்சு நின்னுருச்சு. கன்னத்தக் குத்திக் குத்திக் காட்டுனா. பல்லுவலின்னு நெனச்சு கிராம்புத் தைலம் வச்சேன்." எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நீ ரீத்தாவைக் கேட்டிருக்கிறாய். அத்தனை பேர் இருந்த வீட்டில் உன் மகளின் பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை.

அடுத்த பார்வை நாளில் நான் மட்டும் போனேன். ரீத்தா என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துக்கு ஒரு கார்டு கூடப் போடவில்லை உன் வீட்டார். விஷயம் கேட்டு சிஸ்டர் அழுதார். பிறகு ரீத்தாவை வெளிச்சத்தில் நிறுத்தி, "அம்மா இறந்துவிட்டார்" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

ரீத்தா அவர் உதட்டைப் பார்த்தாள். "அம்மா" என்று திருத்தமாகச் சொன்னாள். சரியாகச் சொன்னதற்குக் கைதட்டுவார்கள் என்று எங்கள் முகத்தைப் பார்த்தாள்.

பந்து, பால், பூ எல்லாம் கற்றுக்கொடுத்திருந்தார்கள். சாவு என்ற சொல்லைக் கற்றுக்கொடுக்கவில்லை. நான் என் புருவத்தைத் தொட்டு உன்னைச் சொல்லி, கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் காட்டினேன். எழுப்பு என்று கையைக் காட்டினாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவளை அழைத்துப் போகிறேன் என்றேன். அப்பா வந்தால்தான் அனுப்ப முடியும் என்றார் சிஸ்டர்.

அன்று மாலையே பாலக்கோட்டில் இறங்கி நேராக உன் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று ஊர் கேட்கப் பேசினேன். "உங்க புள்ள இன்னும் அம்மா வருவான்னு பாத்துட்டு இருக்குது. நாளைக்கு நீங்க வரல, நான் போலீசோட வருவேன் மாமா." போலீஸ் எதற்கு வரும் என்று எனக்கும் தெரியாது. அவர் வந்தார். சேலம் போய் ரீத்தாவை ஊருக்குக் கூட்டி வந்தோம்.

கல்லறைத் தோட்டத்தைப் பார்த்ததுமே ரீத்தா நின்றுவிட்டாள். உன் கைக்குழந்தை போனபோது நீதானே அவளை அங்கே கூட்டிப்போய் அவள் கையாலும் மண் போட வைத்தாய்? ஈரம் காயாத மண்ணைப் பார்த்தாள். தன் புருவத்தைத் தொட்டு, அம்மாவா என்று காட்டினாள். நான் தலையசைத்தேன். அவள் போட்ட சத்தத்தில் அடுத்த வயலில் ஏர் ஓட்டியவர்கள் மாட்டை நிறுத்திவிட்டார்கள்.

பிறகு எழுந்து மாமாவின் நெஞ்சில் அடித்தாள். அடித்துக்கொண்டே கையால் கேட்டாள். மாமா என்னைப் பார்த்தார்.

"என்னா கேக்குது கோவிந்தம்மா?"

"என்னை ஏன் கூப்பிடலன்னு கேக்குது. பதில நீங்களே சொல்லுங்க."

பெற்ற மகளிடம் பேச ஒரு சைகை கூடக் கற்றுக்கொள்ளாத மனிதர், தன்னைச் சுட்டிக்காட்டித் தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். ரீத்தா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவள் கண்ணை மூடினால் அவளிடம் யார் என்ன பேச முடியும்?

உன் மூத்தார் அதோடு விடவில்லை. தாயில்லாப் பிள்ளை இனி வீட்டோடு இருக்கட்டும், ஆடு மேய்க்கட்டும் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா சொன்னார்: "படிக்கட்டும்ணா. அவ சேத்தது." அவ்வளவுதான். அதற்காக அவரை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. ரீத்தாவும் மன்னிக்கவில்லை. இப்போது பார்வை நாளில் அவரும் என்னோடு பஸ் ஏறுகிறார். அவர் கையைத் தூக்கினால் அவள் இன்னும் வேறு பக்கம் பார்க்கிறாள். பார்க்கட்டும். அவர் தூக்கிக்கொண்டே இருக்கட்டும்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உன் ரீத்தாவுக்குச் சொல்லாமல், அவளுக்குப் புரியும்படி சொல்லாமல், இனி அவள் வாழ்க்கையில் நல்லதோ கெட்டதோ எதுவும் நடக்க விடமாட்டேன். என் வீட்டிலும் எல்லாரையும் கூட்டி வைத்துச் சொல்லிவிட்டேன். நான் செத்தால் மாதுவும் ரீத்தாவும் வந்து என் முகத்தைப் பார்த்த பிறகுதான் என்னைத் தூக்க வேண்டும். நாறினாலும் பரவாயில்லை.

கூடப் பிறக்காத உன் தங்கச்சி,
கோவிந்தம்மா