சரவெடிப் பெட்டியில் கூகை

திருத்தங்கல்,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் ஓவியா எழுதுகிறேன். இங்கே நான், எழில், அத்தை மூன்று பேரும் சுகம். அங்கே நீங்களும் சுகம் என்று நீங்கள் எழுத வேண்டியதை இந்தத் தடவை நானே எழுதிக்கொள்கிறேன். மலைக்கு மேலே போகிறோம், சிக்னல் இருக்காது, பதினைந்து நாள், கூடிப்போனால் இருபது நாள் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தீர்கள். இன்றோடு முப்பத்து மூன்று நாள். போன வாரம் உங்கள் பட்டாளத்து யூனிட் ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிட்டேன். எடுத்தவர் இந்தியில் ஏதோ நீளமாகச் சொன்னார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்ற கடைசி வார்த்தை மட்டும் புரிந்தது. அதை அத்தையிடம் நாலு தடவை சொல்லிவிட்டேன். டி.வி. செய்தி போடுவதை நிறுத்திவிட்டோம். ரிமோட்டில் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அத்தை சொல்கிறார்கள். பேட்டரி அரிசிப் பானைக்குள் கிடக்கிறது. நானும் பார்த்தேன், எடுக்கவில்லை.

எழிலுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. கீழ்ப்பல் ஒன்று ஆடுகிறது. விழுந்தால் அப்பா வரும்வரை பத்திரமாக வைக்க வேண்டும் என்று தீப்பெட்டி ஒன்று எடுத்து வைத்திருக்கிறாள்.

உங்களிடம் ஒன்றைச் சொல்லாமல் இருந்துவிட்டேன். முன்பே சொல்லியிருக்க வேண்டும். போனில் சொல்லலாம் என்றால் பக்கத்தில் அத்தை இருப்பார்கள், அப்புறம் போனே வரவில்லை. நீங்கள் லீவு முடிந்து போன மறுமாதம் நான் ஒரு குழுவில் சேர்ந்தேன். அடிபட்ட பறவை, நூலில் மாட்டிய பறவை, வழி தவறி ஊருக்குள் வந்துவிட்ட பறவை, இவற்றை மீட்டுக் காப்பாற்றுகிறவர்கள். விருதுநகரிலும் சிவகாசியிலுமாகச் சேர்த்துப் பதினோரு பேர். யாராவது குழு நம்பருக்குக் கூப்பிட்டால் பக்கத்தில் இருக்கிறவர் போக வேண்டும். எங்கள் பக்கத்தில் மூன்று பேர். காலண்டர் பிரஸ் ஒன்றில் மெஷின் ஓட்டும் காசிராஜன் அண்ணன், அந்தப் பிரஸ் முதலாளி வீட்டு மருமகள் யோகேஸ்வரி, நான். விலங்கியல் படித்துவிட்டு வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்தவளுக்கு யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது மாதிரி இருந்தது. கோபப்படாதீர்கள். பட்டாலும் பரவாயில்லை, அதை எழுதி அனுப்புங்கள்.

பறவையைக் கொண்டுவர எங்களுக்குத் தனிக் கூண்டு கிடையாது. நம் ஊரில் எது மலிவோ அதுதான் எங்கள் ஆம்புலன்ஸ். காலியான பட்டாசு அட்டைப்பெட்டி. பொடி ஒட்டியிருக்காமல் நன்றாகத் துடைத்து, இரண்டு பக்கமும் துளை போட்டு, கீழே பழைய பருத்தித் துணி விரித்தால் முடிந்தது. நான்கு மைனா, ஒரு மீன்கொத்தி, பம்பு செட் வலையில் சிக்கிய ஒரு கொக்கு என்று வீட்டுக்கு வந்துபோனதெல்லாம் இந்தப் பெட்டியில்தான். அத்தை ஒன்றும் சொன்னதில்லை. மைனாவுக்கு ஊறவைத்த பயறு கூட அவர்கள் கொடுத்ததுதான்.

பதினெட்டு நாளுக்கு முன்னால், ஒரு புதன்கிழமை, காசிராஜன் அண்ணன் கூப்பிட்டார். பிரஸ் பேப்பர் குடோனில் எலிக்கு வைத்த பசை அட்டையில் ஒரு கூகை ஒட்டிக்கொண்டு கிடக்கிறது என்றார். எலியைப் பிடிக்க இறங்கியிருக்கிறது. எலியோடு சேர்த்து அதுவும் மாட்டிக்கொண்டது. நான் போவதற்குள் அங்கே இருந்தவர்கள் ரோலர் கழுவுகிற மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்து ஒரு பக்கச் சிறகைத் துடைத்தே விட்டார்கள். பிரஸ்காரர்களுக்கு எந்தக் கறைக்கும் அதுதானே மருந்து. நல்லவேளை, மறுபக்கம் தொடுவதற்குள் அண்ணன் கத்தி நிறுத்திவிட்டார். மாவைத் தூவி, எண்ணெய் தடவி, ஒவ்வொரு இறகாக அட்டையிலிருந்து பிரித்து, சோப்புத் தண்ணீரில் கழுவ இரண்டு மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் அது என் முகத்தைப் பார்த்துச் சீறிக்கொண்டே இருந்தது. முகம் நறுக்கிய ஆப்பிள் மாதிரி இருக்கும், தெரியுமா? வெள்ளை வெளேரென்று.

கால்நடை டாக்டர் பார்த்தார். தோள் மூட்டு வீங்கியிருக்கிறது, எண்ணெயும் சோப்பும் பட்டதால் இறகு பழையபடி ஆக வேண்டும், இரண்டு வாரம் இருட்டில் அமைதியாக வைக்கச் சொன்னார். வனத்துறையில் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டோம். யோகேஸ்வரி வீட்டில் இரண்டு நாய். காசிராஜன் அண்ணன் வீடு ஒற்றை அறை. ஆகவே நம் வீட்டு மாடிப்படிக்கு அடியில் வைத்தோம். பத்தாயிரம் சரவெடி வந்த பெரிய பெட்டி. எழில் கிட்டே போகக் கூடாது என்று கோடு போட்டிருக்கிறேன். தொட்டாலும் தொடாவிட்டாலும் அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். நாளுக்கு ஆறு தடவை. எனக்கே தெரிகிறது, கொஞ்சம் அதிகம்தான்.

அத்தை பட்டாசுக் கம்பெனியிலிருந்து வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். பார்த்த கையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். “ஏத்தா, இது சாக்குருவில்லா. வடக்க ஒருத்தன் நிக்கான். அவன் வீட்டுக்குள்ள இதைக் கொண்டாந்து வச்சிருக்கியே, நீ படிச்ச புள்ளதானா?” என்று கேட்டார்கள். அது எலி தின்கிற பறவை, யார் சாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நான் படித்ததையெல்லாம் சொன்னேன். “எல்லாம் சரி. அது எம்புள்ள பேரைச் சொல்லி அலறாம இருந்தாச் சரி” என்று எழுந்து போய்விட்டார்கள். அந்த வெள்ளிக்கிழமை சாமி விளக்கை வீட்டுக்குள் ஏற்றவில்லை. வாசலில் ஏற்றிவைத்தார்கள். காற்றில் அணைந்துகொண்டே இருந்தது. மறுபடி மறுபடி ஏற்றினார்கள். நான் பார்க்காதது மாதிரி துணி மடித்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நடந்ததுதான் நான் எழுத வந்தது. ஒன்பது நாள் ஆகிறது. அன்று உங்களிடமிருந்து பேச்சில்லாமல் இருபத்து நாலாவது நாள். விருதுநகர் ஜங்ஷனில் கரண்டு வயருக்குப் பக்கத்தில் ஒரு மைனா நூலில் தொங்குகிறது என்று கூப்பிட்டார்கள். எழிலைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அப்படியே பஸ் ஏறிப் போனேன். அவளையும் கூட்டிக்கொண்டு நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தால் மாடிப்படிக்கு அடியில் பெட்டி இல்லை. வீட்டுக்குள் விளக்கு எரிகிறது, அன்று கம்பெனிக்குப் போகாத அத்தை முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பெட்டி எங்கே என்றேன். லாரி செட் வாசலில் வைத்திருக்கிறேன், விளக்கேற்றி முடித்ததும் எடுத்து வந்துவிடுவேன் என்றார்கள். வெளியூருக்குப் பட்டாசு லோடு ஏற்றுகிற தெருமுனை லாரி செட்தான், உங்களுக்குத் தெரியுமே. பூனை வந்துவிடக் கூடாதென்று மேலே டேப் ஒட்டிவிட்டுத்தான் வைத்தேன் என்றார்கள். நான் ஓடினேன். வாசல் காலியாக இருந்தது. அங்கே கூட்டிக்கொண்டிருந்தவர், லோடு ஏறி மூணு மணிக்கே வண்டி போயிருச்சே என்றார். எந்த ஊருக்கு என்றேன். நாக்பூர் என்றார்.

அத்தை இருபத்திரண்டு வருஷமாகப் பேக்கிங் செக்‌ஷனில் இருக்கிறவர்கள். கைக்கு ஒரு பெட்டி கிடைத்தால் பழகிய மாதிரிதானே அது மூடும்? நேர்க்கோடாக நடுவில் ஒன்று, ஓரத்தில் இரண்டு. கம்பெனிப் பெட்டி, கம்பெனி டேப், லாரி செட் வாசல், தீபாவளி சீசன். ஏற்றுகிறவர்கள் ஏற்றிவிட்டார்கள். செட் கிளார்க்கிடம் கேட்டால், எண்ணிக்கையில் ஒன்று கூடுதலாக இருந்தது, குறைந்தால்தானே சண்டை வரும், கூடினால் என்ன என்று விட்டுவிட்டேன் என்கிறார். தார்ப்பாய்க்குக் கீழே, அந்த வெக்கையில், தண்ணீர் இல்லாமல் மூன்று நாள். ஒரு நாள்கூடத் தாங்காது மாமா.

நான் நடுத்தெருவில் நின்று அழுதேன். யோகேஸ்வரிக்குப் போனில் நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை, பத்து நிமிஷத்தில் காரோடு வந்துவிட்டாள். அதற்குள் கிளார்க் டிரைவர் நம்பரைப் பிடித்துக் கொடுத்தார். அய்யப்பன் என்று பெயர். நாலு தடவை அடித்தும் எடுக்கவில்லை, ஐந்தாவது தடவை எடுத்தார். கள்ளிக்குடி தாண்டி டீ குடிக்க நிறுத்தியிருக்கிறேன் என்றார். விஷயத்தைச் சொன்னேன். தார்ப்பாய் கட்டியாச்சு, அவிழ்க்க முடியாது என்றுதான் முதலில் சொன்னார். என்ன பறவை என்று கேட்டார். கூகை என்றேன். அவர் போட்ட சத்தத்தில் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன். “யக்கா, பட்டாசை ஏத்திக்கிட்டுப் போறதே எனக்குப் பயம். கூடச் சாவையும் ஏத்தி விட்டுட்டீகளா? நீங்க வந்து இறக்குற வரைக்கும் வண்டி ஒரு அடி நகராது!” அத்தை பயந்த அதே பயம் வண்டியை நிறுத்திவைத்தது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

காரில் ஏறப் போகும்போது அத்தை பின்னாலேயே ஓடி வந்தார்கள். செருப்புக்கூடப் போடவில்லை. வேண்டாம், எழிலைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவளையும் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டார்கள். விருதுநகர் கலெக்டர் ஆபீஸ் தாண்டியதும், என்னிடம் சொல்கிற மாதிரி இல்லை, கண்ணாடியைப் பார்த்து அத்தை சொன்னார்கள். “அடைக்கலமா வந்ததை வெளிய தூக்கி வச்சிட்டேனே. எம்புள்ளைக்கு அங்கன குளிருல யாரு கதவைத் தெறப்பா?”

நான் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பிடிக்கவில்லை. கோபம் இருந்தது. அதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

கள்ளிக்குடி பக்கம் ரோட்டோரம் வண்டி நின்றது. அய்யப்பன் இருபதடி தள்ளி நின்றார், கிளீனர் அவருக்கும் பின்னால். பின்பக்கத் தார்ப்பாய் மட்டும் அவிழ்த்து வைத்திருந்தார்கள். உள்ளே ஒரே மாதிரி பெட்டிகள், ஒரே படம், ஒரே டேப். துளை போட்ட பக்கம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ தெரியவில்லை. ஒவ்வொன்றாக இறக்கினால் இருட்டிவிடும், யார் இறக்குவது என்று யோகேஸ்வரி கேட்டாள். அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடித்து ஏறிவிட்டார்கள். ஐம்பத்து நாலு வயது. நான் கத்தினேன். திரும்பிப் பார்க்கவில்லை. மேலிருந்து ஒவ்வொரு பெட்டியாகத் தடவிக்கொண்டே போனார்கள். “இது முனியம்மா ஒட்டினது. இது புதுசா வந்த புள்ள, கோணலா இழுக்கும். இது நான் ஒட்டினது, தொளையும் இருக்கு.” டேப்பின் கடைசியைக் கொஞ்சம் மடித்து ஒட்டுவது அத்தையின் பழக்கமாம், பிரிக்கிறவனுக்கு நகம் நோகக் கூடாது என்று. இருபத்திரண்டு வருஷமாக யாரும் கேட்காமல் செய்து வருகிறார்கள். எனக்கு அன்றுதான் தெரியும்.

பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார்கள். திறந்தோம். கூகை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. வாய் திறந்திருந்தது. அத்தை முந்தானை நுனியைத் தண்ணீரில் நனைத்து அலகோரம் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். ஐந்தாவது சொட்டோ ஆறாவதோ, கண்ணைத் திறந்து அத்தையைப் பார்த்து ஒரு சீறல் சீறியது பாருங்கள். “கோவத்தைப் பாரு, எம்புள்ள மாரிக்கண்ணன் கணக்கா” என்றார்கள். பிறகு ரோட்டில் உட்கார்ந்து அழுதார்கள். எழில் அவர்கள் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். அய்யப்பன் தூரத்தில் இருந்தபடியே, “உசுரு இருக்கா யக்கா?” என்றார். இருக்கு என்றதும்தான் கிட்டே வந்தார். எட்டிப் பார்த்துவிட்டு, முகம் லட்சணமாத்தான் இருக்கு என்று சொல்லிப் போனார்.

இந்த ஒன்பது நாளில் அது நன்றாகத் தேறிவிட்டது. காசிராஜன் அண்ணன் கூண்டில் பிடித்த எலியைத் தினமும் கொண்டுவந்து தருகிறார். பிரஸ்ஸில் பசை அட்டையை எடுத்துவிட்டார்கள். நேற்று டாக்டர் சிறகை விரித்துப் பார்த்துவிட்டு, இனி வைத்திருந்தால்தான் கெடுதல், நாளைக்கே விட்டுவிடுங்கள் என்றார்.

அத்தை வேண்டாம் என்கிறார்கள். உங்கள் குரல் கேட்ட பிறகு விடலாமாம். இப்போது பெட்டிக்குப் பக்கத்தில்தான் படுக்கிறார்கள். காலையில் எழுந்ததும் முதல் கேள்வி, அது சாப்பிட்டதா என்பதுதான். நான் கத்தியிருக்க வேண்டும், புத்தகத்தில் இருப்பதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை மாமா. நேற்றுச் சாயங்காலம் கையுறை போட்டுப் பெட்டி வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். விட்டுவிட்டு, அதற்குப் பிறகு ஒரு போன் வந்தால் என்று நினைப்பு வந்தது. அந்த வரியை இதற்கு மேல் எழுத மாட்டேன். பட்டம் வாங்கியவள் நான். எனக்கே கை வரவில்லை என்றால் அத்தையை என்ன சொல்வது?

இன்று காலையில் பெட்டிக்குள் அது சிறகை அடித்தது. அட்டையில் தட்டித் தட்டி. எழில் காதைப் பொத்திக்கொண்டாள். அத்தை ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “நாளைக்குக் கொண்டுபோவோம். நானும் வாரேன்” என்றார்கள். டேப்பை அவர்களே பிரிப்பார்களாம். நாளை சாயங்காலம் ஆறு மணிக்குப் பிரஸ் குடோன் வாசலில் விடுகிறோம். அதன் ஜோடி இன்னும் அந்தக் கூரையில்தான் இருக்கிறதாம்.

கம்பளிச் சட்டையை உள்ளே போடுங்கள், மேலே இல்லை. காலுறை ஈரமாக இருந்தால் மாற்றிவிடுங்கள். அங்கே நீங்கள் யார் வீட்டுக் கதவைத் தட்டினாலும் உங்களுக்குத் திறக்கட்டும் என்று அத்தை எழுதச் சொன்னார்கள், எழுதிவிட்டேன்.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது நாங்கள் அதை விட்டு எத்தனையோ நாள் ஆகியிருக்கும். என் மேல் கோபம் என்றால் வேறு ஒன்றும் எழுத வேண்டாம். பறந்ததா என்று கேட்டாவது ஒரு வரி எழுதுங்கள் மாமா.

வாசலைப் பார்த்தபடி,
உங்கள் ஓவியா.