நெஞ்சு நோகுது என்று மட்டும் சொன்னவருக்கு

இன்று காலை புதுக் கிளாக்கர் என் மேசைக்கு அனுப்பிய பதினொரு துண்டுகளிலும் ஒரே சொல். கால் நோகுது, வயிறு நோகுது, முதுகு நோகுது, காது நோகுது. அந்த மனிதர் எழுதுகிற வேகத்துக்கு ஒன்பது மணிக்குள் வரிசை முடிந்துவிடும். நான் வருடக்கணக்காக உம்மிடம் மன்றாடிக் கேட்டது இதைத்தான். கிடைத்த பிறகு எனக்கு ஏன் இப்படி எரிச்சல் வருகிறது? அந்தக் கோபத்தில்தான் உமக்கு எழுத உட்கார்ந்தேன். நீர் படிக்கப் போவதில்லை என்பது வேறு விஷயம்.

இந்த டிஸ்பென்சரியில் நான் மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி, நீர் துண்டு எழுதுகிறவர். வருத்தக்காரரின் பேர், ஊர், என்ன செய்கிறது என்று ஒரு வரி. உமக்கு விதித்த வேலை அவ்வளவுதான். நீரோ, யாராவது "நோகுது" என்று வாய் திறந்தால் பேனையைக் கீழே வைத்துவிடுவீர். "எப்பிடி நோகுது? குத்துதா, உளையுதா, விண்விண்ணெண்டு தெறிக்குதா?" வெளியே வாவிக்கரை வரைக்கும் சனம் வெயிலில் காயும். உள்ளே நீர் யாரோ ஒருவரின் முழங்காலுக்குச் சொல் தேடிக்கொண்டிருப்பீர்.

ஏறாவூரிலிருந்து வந்த ஒரு உம்மா உம்மோடு சண்டைக்கே வந்துவிட்டார். "நோகுதெண்டா நோகுதுதான் தம்பி. புள்ளைக்குப் பேர் வைக்கிறாப்போல இதுக்கும் பேர் வைக்கப் போறீங்களா?" நீர் சிரிக்கக்கூட இல்லை. "இல்ல உம்மா, எரியுதா, இழுக்குதா, அதை மட்டும் சொல்லுங்க" என்றீர். அவரும் கண்ணை மூடி யோசித்து, "இழுக்குது. மறுகா கொஞ்சம் கடுக்குது" என்றார். அதற்குள் என் தேநீர் ஆறிப்போயிற்று.

"அவங்களுக்கு மருந்து வேணும் காணும், அகராதி இல்லை" என்று நான் கத்தினால், "நோகுது எண்டு எழுதினா நான் ஒண்டுமே எழுதல்ல எண்டுதான் அர்த்தம் ஐயா" என்பீர். நான் மருந்து கலக்கத் திரும்பிவிடுவேன்.

ஒருமுறை, வேளாண்மை வெட்டு நாட்களில், உன்னிச்சைப் பக்கமிருந்து ஒரு பெண்ணை வண்டிலில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். வயிற்று நோ என்றார் புருஷன். வயிற்று நோ என்றால் ஆமணக்கெண்ணெய். நான் அளந்து கோப்பையில் ஊற்றியே விட்டேன். உம்முடைய துண்டு வரவில்லை. கூப்பிட்டேன், ஏசினேன், கடைசியில் எழும்பியே வந்தேன். நீர் அவள் வாயருகே காதை வைத்தபடி எழுதிக்கொண்டிருந்தீர். நேற்றுத் தொப்புளடியில் முறுக்கியது; இன்று வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கிக் குத்துகிறது; வண்டில் பள்ளத்தில் விழும்போதெல்லாம் வெட்டுகிறது. வாசித்ததும் கோப்பையை வெளியே கொட்டினேன். அது குடல்வால் வீக்கம். அந்த எண்ணெய் உள்ளே போயிருந்தால் குடல்வால் வெடித்திருக்கும், அவளும் போயிருப்பாள்.

அவளைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். வெட்டி எடுத்துக் காப்பாற்றினார்கள். அமிர்தகழித் திருவிழாவுக்குப் போகிற வழியில் அவள் ஒரு கதலிக் குலையோடு வந்தாள். குலை உமக்கு. எனக்கு ஒரு கும்பிடு. அன்றைக்காவது நான் உமக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். "வரிசையைப் பாரும்" என்றுதான் சொன்னேன்.

பிறகு காய்ச்சல் பரவிய மாதம் வந்தது. கொயினா மருந்துக்கு நின்ற கூட்டத்தில் எனக்கு மூச்சு விட நேரமில்லை, யாரைக் கண்டாலும் சீறிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பத்து மணியளவில் நீர் என் மேசைக்கு வந்து, "ஐயா, கொஞ்சம் நெஞ்சு நோகுது" என்றீர். அவ்வளவுதான். எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா, இன்றைக்காவது மனிதர் சுருக்கமாகப் பேசுகிறார் என்று இருந்தது. ஓமத் தண்ணீர் ஊற்றித் தந்து, "வாய்வு காணும், போய் எழுதும்" என்றேன். குடித்துவிட்டுப் போய்க் கடைசி ஆள் வரைக்கும் எழுதினீர். பின்னேரம் தோணியேறிப் படுவான்கரைக்கு, உம் வீட்டுக்குப் போனீர். மறுநாள் விடிந்தபோது நீர் இல்லை.

செத்தவீட்டில் உம் மனைவி என்னிடம் வந்து சொன்னார். "தோணியால இறங்கேக்கையே சொன்னார் ஐயா. நெஞ்சில அம்மியை ஏத்தி வைச்ச மாதிரி அழுத்துது, இடக்கைக்கு இறங்கி உளையுது எண்டார். ஐயாட்ட இப்பிடிச் சொன்னீங்களா எண்டு கேட்டன். வரிசை நீளமா இரிக்கி, விளக்கிச் சொன்னா ஐயா எரிஞ்சு விழுவார் எண்டார்."

கேட்கிறேன் காணும், ஊரிலுள்ள முழங்காலுக்கெல்லாம் சொல் பிடுங்கிய உமக்கு உம்முடைய நெஞ்சுக்கு ஒரு சொல் தர ஏன் மனம் வரவில்லை? அழுத்துது என்று ஒருமுறை சொல்லியிருந்தால் போதுமே. காப்பாற்றியிருப்பேன் என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் படுக்க வைத்திருப்பேன், வரிசையைக் கலைத்திருப்பேன், பக்கத்திலாவது இருந்திருப்பேன். உம்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. என்மேல் உள்ளது அதைவிடப் பெரிது.

ஐயா கோபிப்பார் என்று நீர் சொல்லியிருக்கலாம். ஏசுவார் என்றிருக்கலாம், சினப்பார் என்றிருக்கலாம். எரிந்து விழுவார் என்றீர். இத்தனை நாளாக அந்தச் சொல்லை அடித்துவிட்டு வேறொன்றைப் போட்டுப் பார்க்கிறேன். எதுவும் பொருந்தவில்லை.