இரண்டாயிரத்தில் மேகம்

கெஸிக்,
அக்டோபர்

அன்பு மகள் ரோவீனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் வெலிங்டனில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் அப்பா காதில் விழக்கூடாத சமாச்சாரம்.

பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவர் ஒரு வார்த்தை பேசாதது உனக்குத் தெரியும். பேச்சுப் பயிற்சிக்கு வரும் டெஸ்ஸா, பேச்சு வரும்மா, அவருக்கு மனசுதான் வரமாட்டேங்குது என்று சொல்லி அலுத்துவிட்டாள். மீட்புக் குழுவோடு போய் மலையில் வழி தவறியவர்களைத் தேடிக் கத்திக் கூப்பிட்ட மனுஷன், மலை தெரிகிற ஜன்னல் பக்கம்கூடத் திரும்பாமல் கிடந்தார். மனசு கேட்காமல், நீ விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரில், சினிமாவுக்கு நீ மலையும் வானமும் உருவாக்கும் அந்த மென்பொருளைத் திறந்தேன். நம் பிளென்காத்ரா மலையை நீயே அதில் செய்து வைத்திருந்தாய், மேகம் மட்டும் என் கைவரிசை. முதலில் தடிமனைக் கூட்டித் தொலைத்தேன், படம் முழுக்க அடுப்புக்கரி. அதைக் குறைத்துவிட்டு, மலையேறுகிறவர்கள் சொல்கிற மாதிரி மேகம் இரண்டாயிரத்தில் என்று உயரத்தைப் போட்டேன். வானம் பளிச்சென்று, எங்கேயோ மேலே பஞ்சு பஞ்சாக மேகம், எனக்கு ஒரே பெருமை. டெஸ்ஸா பார்த்துவிட்டு, அழகாத்தான் இருக்கு, நம்ம மலையில மேகம் உட்காராத நாள் ஏது, எந்த ஊரு இது என்று கேட்டாள், கொழுப்பைப் பார்!

அப்பாவுக்குக் காட்டினேன். முகம் சிவந்து, நாற்காலியைத் தட்டினார். பிறகு "இறக்கு" என்றார். ஆமாம் ரோவீனா, வாய் திறந்து சொன்னார். கொஞ்சம் இறக்கினால், "இன்னும்" என்று அதட்டல் வேறு. அப்போதுதான் உறைத்தது, நாம் பேசுவது அடிக்கணக்கு, அந்த மென்பொருள் பார்ப்பது மீட்டர்க்கணக்கு. இரண்டாயிரம் அடிக்கு அறுநூறு மீட்டர் என்று போட்டதும் மலை உச்சியே காணாமல் போயிற்று. மலையையே மறைச்சாச்சு, இப்போ திருப்தியா என்று கேட்டேன். சிரித்தார். ஒரு பக்கம்தான் சிரிப்பு வந்தது, எனக்கு அது போதும், அழுதுவிட்டேன்.

இப்போது தினமும் கனமா, மெல்லிசா என்று மேகம் போடச் சொல்லி என் உயிரை வாங்குகிறார். வாங்கட்டும். பெற்ற பெண்ணுக்கு யாராவது நன்றி சொல்வார்களா என்று கேட்காதே, நான் சொல்லத்தான் செய்வேன். நீ அந்தக் கம்ப்யூட்டரை விட்டுப்போகாவிட்டால் இந்தக் குரலை நான் திரும்பக் கேட்டிருக்கமாட்டேன். அங்கே வசந்தம் வந்துவிட்டதென்று கோட்டைக் கழற்றிவிடாதே, காற்று பொல்லாதது.

நீ நல்லா இருக்கணும், தொட்டதெல்லாம் துலங்கணும். ஒன்று மட்டும் மறக்காதே. இனி ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டால் போனை நான் எடுக்கமாட்டேன். சத்தமே இல்லையே, லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே கண்ணு, நீயாக முந்திக்கொண்டும் பேசாதே. அப்பா உன் பெயரைச் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறார், கொஞ்சம் நேரமாகும்.

இப்படிக்கு,
உன் அம்மா