ஜெராக்ஸில் விடுபட்ட பக்கங்கள்

மயிலாப்பூர்
12.11.1998

ஹம்சா,

அன்று ஜெராக்ஸ் கடையில் நான் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். கணினிப் பாதுகாப்புத் தேர்வுக்கு நீ எடுத்த நகலில் சங்கேதக் குறியீடு பற்றிய அத்தியாயமே இல்லை. என்னுடையதில் இருந்தது.

“பக்கமெல்லாம் சரியா இருக்கோன்னோ, பாத்தியாடி?” என்றாய்.

“பாத்துட்டேன். பைண்டிங்குக்குக் குடு” என்றேன்.

அன்று காலைதான் நம் ஆபீஸில் ராகவேந்திரன், “ஹம்சா கண்டிப்பா பாஸ்” என்றிருந்தார். பக்கத்திலேயே நின்ற என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் முன்னால் நீ தோற்க வேண்டும் என்று எனக்கு இருந்தது.

பிறகு நீ கேட்டபோது, என் நகலிலும் அது இல்லை என்றேன். அதனால்தான் அவரிடம் போனாய். ஒரு மாதம், மாலைதோறும், அவர் உனக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் தனியாக பஸ் ஏறினேன்.

தேர்வில் இருவருமே தேறினோம். உங்கள் கல்யாணப் பத்திரிகை நேற்று வந்தது.

உன்னோடு படித்தவள்