அம்மாக்கண்ணுவின் மனுவை அழித்த நான் என்மீதே கொடுக்கும் புகார்

அனுப்புநர்:
மர்ஜியா பீவி (வயது 68),
க/பெ. மறைந்த அப்துல் ஹாதி,
பள்ளிவாசல் தெரு,
லப்பைக்குடிக்காடு,
பெரம்பலூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
பெரம்பலூர்.

பொருள்: வெளிநாட்டில் தகவல் இல்லாமல் போன அஜித்குமாரைத் தேடக் கோரி அவர் தாயார் தயாரித்த மனுவை நான் அழித்தது – நினைவில் உள்ள விவரங்களைக் கொண்டு தேட வேண்டுதல் – சார்பாக.

மதிப்பும் மரியாதையும் உள்ள ஆட்சியர் அய்யாவுக்கு வணக்கம்.

1. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். என் மகன் நசீருதீன் சவூதியில் தமாம் நகரில் கடை மேற்பார்வையாளர். அவன் மகள் அஃப்ஷான் பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதல் மார்க், இப்போது திருச்சியில் பார்மசி கடைசி வருஷம். மகள் ரஹ்மத்தின் பையன் அஸ்லாம் துபாயில் எஞ்சினியர். அவன் தங்கை எட்டு வயதில் அரியலூர் வரை போய், குர்ஆன் ஓதும் கிராஅத் போட்டியில் கேடயம் வாங்கியவள். அய்யா, இதே வரிகளைத்தான் 23.01.2025 அன்று கம்ப்யூட்டரில் அடித்தேன். எதன்மேல் அடித்தேன் என்பதுதான் புகார்.

2. எங்கள் ஊரில் பெண்களுக்கு இலவசக் கணினி வகுப்பு நடக்கிறது. அதில் உள்ள வேர்ட்பேட் என்ற எழுதும் தாளைத் திறக்கச் சத்யா டீச்சர் சொல்லிக்கொடுத்தார். அன்றைய பாடம், அவரவர் குடும்பத்தைப் பற்றி எழுதுவது. புதுத் தாள் எடுக்கும் வழி எனக்கு மறந்துவிட்டது. பட்டியலில் மேலே இருந்ததைத் திறந்தேன். யாரோ வேலை முடித்த தாள் என்று எண்ணி, சிலேட்டைத் துடைப்பதுபோல் துடைத்துவிட்டு எழுதினேன். மூடும்போது ஒரு பெட்டி வந்து, மாற்றியதைச் சேமிக்கவா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். டீச்சர் எல்லோர் முன்னிலையிலும் என்னைப் பாராட்டினார்.

3. அது பக்கத்து ஊர்க் கூலித் தொழிலாளி அம்மாக்கண்ணுவின் மனு. கட்டட வேலைக்குப் போய் இரண்டு வருஷமாகத் தகவல் இல்லாத மகன் அஜித்குமாரைப் பற்றி அவர் சொல்லச் சொல்ல, முந்தின நாள் டீச்சர் அடித்து வைத்தது. வேறு நகல் கிடையாது. அச்சு எடுக்கும் மிஷின் பழுது. டீச்சர் ஜெயங்கொண்டத்து வகுப்புக்கு மாறிப் போகும்போது, "இனிமே பாயம்மாவே ஃபைலத் தொறந்து பிரிண்ட் எடுத்துக் குடுத்துடுவாங்க" என்று என் பொறுப்பில் விட்டார். அப்புறம்தான் திறந்து பார்த்தேன். மேலே ஃபைலின் பெயர் அம்மாக்கண்ணு. உள்ளே என் பேரப்பிள்ளைகள்.

4. அன்றே சொல்லியிருந்தால் அவர் மறுபடி சொல்லியிருப்பார், அடித்திருக்கலாம். பாராட்டு வாங்கிய வாய் திறக்கவில்லை. நான்கு தடவை வந்து, "பாயம்மா, மிஷினு சரியாயிடுச்சாங்களா?" என்று கேட்டார். இன்னும் ரெண்டு நாள் ஆகும் என்றேன். "ஆவட்டுங்க, இத்தன நாளு பொறுத்தவளுக்கு ரெண்டு நாளு பெருசா" என்று சிரித்துவிட்டுப் போனார்.

5. பிப்ரவரி 12ஆம் தேதி அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. போய்ப் பார்த்தேன். நான் கேட்பது அவருக்குப் புரிகிறது. வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. கணவர் சின்னதுரைக்கு எந்த விவரமும் தெரியாது. "மனு பாயம்மாகிட்ட பத்திரமா இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க" என்று அவர் சொன்னபோது அம்மாக்கண்ணு என்னையே பார்த்தார். அந்தப் பார்வை வீடு வரைக்கும் கூட வந்தது. டீச்சருக்கோ ஊரும் பெயரும் தவிர எதுவும் நினைவில்லை. படித்தவள் நான் ஒருத்திதான் அய்யா. ஒவ்வொரு எழுத்தாகப் பின்னாலிருந்து அழித்ததால், கடைசி வரியை முதலில் படித்தேன்.

6. படித்த வரிசையிலேயே எழுதுகிறேன்:
கடைசி வரி, "அவன் இருக்கிறான் என்று ஒரு சொல் வந்தால் போதும்."
அதற்கு மேல், தீபாவளிக்கு மறுநாள் பேசினான். இடம் மாற்றுகிறார்கள், புது நம்பரிலிருந்து கூப்பிடுகிறேன் என்றான்.
அதற்கு மேல், தமாமில் மலையாளி ஒருவரின் பேக்கரிக்கு மேல்மாடியில் அறை. கூடத் தங்கியவர் திருமானூர் மணிமாறன்.
அதற்கு மேல், அஜித்குமாருக்கு இடது காதுக்குக் கீழே தீக்காயத் தழும்பு.
அனுப்பிய ஏஜென்ட் ஜெயங்கொண்டத்துக்காரர், பெயர் 'கலை' என்று தொடங்கும். மீதி உறுதியாகத் தெரியவில்லை.
அதற்கும் மேலே ஆறு வரிகள் இருந்தன. விரல் வலித்ததால் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டேன், எழுத்துகள் ஓடிவிட்டன. பாஸ்போர்ட் நம்பரும் கம்பெனி பெயரும் அதில்தான் இருந்திருக்கும். கண்ணை மூடினால் அவை ஓடுகின்றன. ஒன்றையும் பிடிக்க முடியவில்லை.

7. என் மகன் இரண்டு வெள்ளிக்கிழமை தமாமில் அலைந்தான். அப்படிப்பட்ட பேக்கரி தெருவுக்கு ஒன்று இருக்கிறதாம். நோன்பு வைத்த வாயோடு சொல்கிறேன், மேலே உள்ளதில் நானாகச் சேர்த்தது எதுவும் இல்லை. இந்த மனுவைப் புதுத் தாள் திறந்து நானே அடித்து, பெரம்பலூரில் அச்செடுத்தேன்.

ஆகவே அரியலூர் மாவட்டத்துக்கு எழுதி மணிமாறனின் குடும்பத்தைக் கண்டுபிடிக்கவும், தூதரகத்துக்குத் தகவல் அனுப்பவும், அழிந்த வரிகளை அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து மீட்க வழி உண்டா என்று தெரிந்தவர்களை அனுப்பிப் பார்க்கவும் வேண்டுகிறேன். எனக்கு என்ன தண்டனை என்றாலும் சம்மதம்.

இன்னும் ஒன்று. பையன் கிடைத்தால் போனில் தகவல் சொல்வதோடு விட்டுவிட வேண்டாம். அம்மாக்கண்ணுவால் பதில் பேச முடியாது. அவனை வெளிச்சத்தில் நிற்கவைத்து, இப்போது இருக்கிறபடியே புதிதாக ஒரு போட்டோ எடுத்து, காகிதத்தில் போட்டு, என் விலாசத்துக்குத் தபாலில் அனுப்ப உத்தரவிடுங்கள். நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அவருக்கு இடது கை இன்னும் நன்றாகப் பிடிக்கிறது.

இடம்: லப்பைக்குடிக்காடு
நாள்: 17.03.2025

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
மர்ஜியா பீவி (கையொப்பம்)