வாண்டின் ஓட்டமும் என் காலளவும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்கிறாய் என்று உன் பதில் வந்தால்தான் எனக்கு நிம்மதி. கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே, கம்பெனியில் தையல் மெஷின் ஊசி வலது கட்டை விரலில் இறங்கிவிட்டது, கட்டுப் போட்டிருக்கிறேன், ஆறி வருகிறது, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் பெரிய தங்கை எழுதுகிறாள். ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி என்றால் வெறும் டீயைக் குடித்துவிட்டு நிற்காதே, ஊரார் வயிற்றைப் பார்க்கும் முன் உன் வயிற்றைப் பார். மாடி வீட்டுக்காரர் குழாயை இன்னும் சரி செய்யவில்லை, கேட்டால் நாளைக்கு என்கிறார், அவருடைய நாளைக்கு எந்தக் காலண்டரிலும் இல்லை. முக்கியமான விஷயம், நம் கடைக்குட்டி வாண்டுக்குப் பள்ளிக்கூடத்தில் உடற்தகுதித் தேர்வு வைத்தார்கள். உயரம், எடை, நின்ற இடத்திலிருந்து தாண்டுவது, குனிந்து கால் விரலைத் தொடுவது, கடைசியில் ஓட்டம். ஓட்டத்தில் தேறுகிற பிள்ளைகளைச் சாயங்காலப் பயிற்சியில் சேர்த்துக்கொண்டு, பள்ளி முடிக்கும்வரை படிப்புச் செலவையும் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். சின்னதில் இரைப்பு வந்து மடியைவிட்டு இறங்காத பிள்ளை ஓடப் போகிறாள் என்றால் உன்னால் நம்ப முடிகிறதா? நீ அனுப்பிய ஷூவைத் தூங்கும்போதுகூடக் கழற்ற மாட்டேன் என்கிறாள். மீதியை இவளே எழுதட்டும், தேர்வுக்குக் கூடப் போனது இவள்தான், எனக்கு அடுப்பில் வேலை இருக்கிறது.

அக்கா, இனி எழுதுவது நான், உன் ஊமைக்கோட்டான். அந்த ஷூ பெட்டி வந்தபோது இரண்டு ஜோடி இருக்கும் என்று நினைத்து, அடியில் இருந்த காகிதத்தையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். போனில் அவள் காலளவை இரண்டு தடவை கேட்டாய், என்னிடம் வீட்டுப் பூட்டு சரியாகிவிட்டதா என்று கேட்டாய். நீ நர்ஸ் படிப்புக்குப் போனாய், அம்மா கம்பெனிக்குப் போனாள், இரைப்புக்காரப் பிள்ளையோடு ஒருத்தி வீட்டில் இருக்க வேண்டும் என்று என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். அப்போது என் வகுப்பில் என்னைத் துரத்திப் பிடிக்க ஆள் கிடையாது, உனக்கு ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை. இந்தத் தேர்வுக்காகத் தினமும் காலையில் அவளைத் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் ஓட வைத்ததும் நான்தான். அவள் ஷூவில், நான் வெறுங்காலில். ஒரு நாளும் அவளை முந்த விடவில்லை. தொட்டிச் சுவரை நான்தான் முதலில் தொடுவேன், அவள் மூச்சு வாங்க வந்து, "நாளைக்குப் பாருக்கா" என்பாள், எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருக்கும். தேர்வில் ஒவ்வொரு பிள்ளையாகத் தனியாகத்தான் ஓடவிட்டார்கள். விசில் ஊதியதும் வாண்டு பாய்ந்தாள், பாதி மைதானத்தில் தலையைத் திருப்பித் திருப்பி எதையோ தேடினாள், கால் தளர்ந்து, நடந்தே போய்க் கோட்டைத் தொட்டாள். விளையாட்டு டீச்சர், "என்ன கண்ணு, எதைத் தொலைச்சே?" என்று கேட்டதற்கு, "அக்கா முன்னாடி ஓடலையே, அப்புறம் எப்படி ஓடறது?" என்றாள். மைதானமே சிரித்தது. குழாயடியில் ஒளிந்து நின்ற என்னை டீச்சர் கண்டுபிடித்து, "நீதானா அந்த அக்கா? வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை பார்க்கறேன், அதுக்குள்ள அவளை முன்னால ஓட விட்டுப் பழக்கும்மா" என்றார். நான் தரையைப் பார்த்துத் தலையாட்டினேன். வீட்டில் அம்மா, "சின்னப் பிள்ளைகிட்டயா போட்டி போடுவே? உனக்கு எதுக்குடி இந்த வீம்பு?" என்று பிடித்துக்கொண்டாள். மறுநாள் விட்டுக்கொடுக்கத்தான் போனேன், தொட்டி தெரிந்ததும் கால் பேச்சைக் கேட்கவில்லை. அவள் தேறாமல் போனால் என்ன என்றுகூட ஒரு ஓரத்தில் தோன்றியது. அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது இந்த இடத்தைத் தாண்டிவிடுவேன். இன்று காலை அவள் முந்திவிட்டாள். நான் விட்டுக்கொடுத்தேன் என்று நினைத்து அம்மா என்னை உட்காரவைத்து இடது கையாலேயே தலை வாரிவிட்டாள். இல்லை அக்கா, உயிரைக் கொடுத்துதான் ஓடினேன். அவள் ஷூவின் அடியில் சிவப்பாக ஒரு கோடு இருப்பதே பின்னாலிருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. "முன்னாடி யாருமே இல்லக்கா!" என்று தொட்டியடியில் குதித்தாள். எனக்கு வயிறு எரிந்தது, எரிய எரியவே அவள் முகத்தைத் துடைத்துவிட்டேன். நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. தேறிவிடுவாள், எனக்குத் தெரியும்.

அம்மா வந்துவிட்டாள். உன் காலில் தூசிகூடப் படாமல் நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், வாண்டுக்காக வெள்ளிக்கிழமை மனசார நினைத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதச் சொல்கிறாள்.

மறந்துவிடாதே அக்கா, இந்தத் தாளின் பின்பக்கம் பேனாவால் சுற்றி வரைந்திருப்பது என் கால், வாண்டுடையது இல்லை. கடையில் இதையே காட்டு. அடியில் எந்த நிறத்தில் கோடு இருந்தாலும் சரி, பின்னால் ஓடி வருகிறவளுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
இடது கையால் கையெழுத்துப் போடும் அம்மா,
உன் ஊமைக்கோட்டான்.