அப்பாவின் அடக்கமும் அமெரிக்கக் கணக்கும்

மே 13, 2023

இன்றும் குடும்பக் கூட்டம். அப்பாவின் அடக்கத்துக்குத் தேதி வைக்கக் கூடினோம். வீட்டுக்கு என்ன நிறம் அடிப்பது என்பதிலேயே பாதிப் பொழுது போனது. "சாவுக்கு வர்ற சனம் சுவத்தப் பாக்காதா?" என்கிறார் பெரியப்பா டொம்ஃபே. அவர்தான் அப்பா வழிக் குடும்பத் தலைவர். எங்கள் கானா வழக்கப்படி உடலுக்கு உரிமை அவர்களுக்கு. பிள்ளைகள் சவப்பெட்டி கொண்டுவர வேண்டும், அதோடு சரி. அப்பா பிப்ரவரியிலிருந்து பிணவறையில் கிடக்கிறார். கடைசியில் ஜூன் 17 என்று முடிவாயிற்று.

மே 15

அமெரிக்காவில் நான் குடியிருக்கும் வூஸ்டர் நகரத்து வக்கீலம்மாவோடு போனில் பேசினேன். அப்பாவுக்கு முடியவில்லை என்று ஜனவரி 20-இல் கானா வந்தவள் நான். கிரீன் கார்டுக்காரி ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால், அமெரிக்காவில் தொடர்ந்து குடியிருந்தாள் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். "இல்ல, இருந்தேன்னு நீங்கதான் நிரூபிக்கணும். முடியலன்னா குடியுரிமைக்கு மறுபடி வருஷக்கணக்கா காத்திருக்கணும்" என்றார்.

என்னால் முடியாது. என் மகள் டூஃபி இங்கே குமாசியில் படிக்கிறாள். நவம்பரில் இருபது. இருபத்தொன்று ஆவதற்குள் நான் குடிமகள் ஆனால் உடனே அழைத்துக்கொள்ளலாம். தாண்டினால் நீண்ட வரிசை.

ஜூன் 17-இல் அடக்கம், ஜூலை 19 வரை கெடு. பிறகு ஏன் பயமாக இருக்கிறது?

ஜூன் 4

ஹாம்பர்கில் இருக்கும் அத்தை மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. ஜூலை 8-க்குத் தள்ளிவிட்டார்கள்.

ஜூன் 29

ஊர்த்தலைவர் இறந்துவிட்டார். அவர் காரியம் முடியும்வரை ஊரில் வேறு அடக்கம் கூடாது. ஆகஸ்ட் என்கிறார்கள். செத்தவர்மேல் கோபப்படக் கூடாது. பட்டேன்.

ஜூலை 2

கூட்டத்தில் சொல்லிவிட்டேன், நான் கிளம்புகிறேன் என்று. போமா அத்தை பிடித்துக்கொண்டாள். "பெத்தவன ஐஸ்ல போட்டுட்டு ஏரோப்ளேன் ஏறுறியா?"

பெட்டிக்குப் பணம் தருகிறேன் என்றேன்.

"பணம் வந்து பெட்டிக்கு முன்னால நடக்குமாடி?"

கத்திவிட்டேன். "எம் பொண்ணும் பொண்ணுதான அத்த? அவள யாரு பாப்பா?" வயதுக்கு மூத்தவர்கள் நிறைந்த கூட்டத்தில். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

பெரியப்பா கள்ளை ஒரு வாய் குடித்துவிட்டு, "அந்தக் காகிதம் எப்ப வரும்?" என்று மட்டும் கேட்டார். ஒரு வருடம் ஆகலாம் என்றேன். "ம்" என்றார். கள் புளித்துப்போனதுதான் அவருக்குப் பெரிய கவலை போலிருந்தது.

ஜூலை 15

அக்ரா விமான நிலையம். நேற்று அப்பாவைப் பார்க்கப் போனேன். குடும்பத் தலைவர் வராமல் திறக்க மாட்டார்களாம். மூடிய கதவிடம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 11

குடியுரிமை விண்ணப்பம் போட்டாயிற்று. ஆகஸ்டிலும் அடக்கம் இல்லை. கூரைத் தகரம் மாற்ற வேண்டுமாம்.

டிசம்பர் 27

கிறிஸ்துமஸும் போய்விட்டது. கூரை முடிந்தபாடில்லை. போமா அத்தை பெரியப்பாவோடு பேச்சை நிறுத்திவிட்டாளாம்.

மார்ச் 5, 2024

நேர்காணல். அதிகாரி பயணத் தேதிகளில் விரலை வைத்தார். "ஏன் இவ்வளவு நாள்?"

"அப்பா இறந்துட்டார்."

"அடக்கம் நல்லபடியா முடிஞ்சுதா?"

"இல்ல. அதுக்குள்ள வந்துட்டேன்."

தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடுத்து, தேர்வுக் கேள்வியாக ஒரு அமெரிக்க நதியின் பெயரைக் கேட்டார். சொன்னேன். தேறிவிட்டேன்.

மே 2

உறுதிமொழி எடுத்தேன். கையில் சின்னக் கொடி கொடுத்தார்கள். டூஃபிக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. காருக்குள் உட்கார்ந்து அழுதேன்.

மே 4

பெரியப்பாவுக்குப் போன் செய்தேன். "காகிதம் வந்துடுச்சு."

"கையிலயா?"

"கையில."

அங்கே யாரிடமோ, "போமாவக் கூப்பிடு, தேதி சொல்லணும்" என்றார்.

"கூரை முடிஞ்சுதா பெரியப்பா?"

"கூரைக்கென்ன கேடு? போன வருஷமே முடிஞ்சுது. பெட்டி கொண்டாற வேண்டியவ அங்க கெடந்தா, நான் எதுல வச்சுப் பொதைக்கிறது?"

"அத்தைகிட்டயாவது சொல்லியிருக்கலாமே…"

"அவகிட்டச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. உங்கப்பன் எதுக்கும் அவசரப்பட்டதில்ல. ஜூன் பதினஞ்சு. வந்து சேரு."

மே 29

புதிய கடவுச்சீட்டு வந்தது. திரும்பி வர இனிக் கெடு ஏதும் இல்லை; போவதற்கு மட்டும் டிக்கெட் எடுத்தேன்.